எட்டாவது கருவி

கானாடுகாத்தானில் பஸ் நின்றபோது மணி பத்தே கால்.
இறங்கியவர்கள் முப்பத்தொரு பேர்.
இறங்கியதும் நிழல் தேடியவர்களும் முப்பத்தொரு பேர்.
'நிலைத்தகு கட்டட வடிவமைப்பு, களப்பயணம்' என்று
கண்ணாடியில் ஒட்டிய தாள்
பாதி உரிந்து படபடத்துக்கொண்டிருந்தது.

என் பொறுப்பு வெப்பமானிகள்.
எட்டு. ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு.
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை
தானே பார்த்துத் தானே எழுதிக்கொள்ளும்.
தொலைத்தால் ஒன்றுக்கு நாலாயிரம் என்று
லேப்பில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

முகப்பில் ஒன்று வைத்தேன்.
வளவில், முற்றத்துத் தூணில் ஒன்று.
ரிஸ்வான் ஏணியில் ஏறி உத்தரத்தில் ஒன்றைக் கட்டினான்,
தேக்கை விரலால் தட்டி
"பாஸ்போர்ட் இருக்கா?" என்று கேட்டுவிட்டு.

அதைப் பிடித்துக்கொண்டாள் சுடர்க்கொடி.
"சார், உள்ளூர்ப் பொருள்னு ஸ்லைடுல போட்டிருக்கீங்க.
மரம் பர்மா. சலவைக்கல் இத்தாலி.
இந்த இரும்புத் தூண் கப்பல்ல வந்தது.
மொத்தம் எத்தனை கிலோமீட்டர் சார்?"
சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
ரொம்ப நேரம் துடைத்தார்.
"சுண்ணாம்பு உள்ளூர்" என்றார்.
நாங்கள் சிரித்தோம்,
வளவு இன்னொரு தரம் சிரித்தது.

ஆனாலும் குளிர்ச்சி பொய்யில்லை.
வெளியே முப்பத்தெட்டு, வளவில் முப்பத்தொன்று.
சாப்பிட்டதும் ஆத்தங்குடிக் கல்லில்
வகுப்பே முதுகு வைத்துப் படுத்தது.
கன்னத்தில் பூக்கோலம் பதிந்த கார்த்தியாயினியை
அளவு நாடாவால் தட்டி எழுப்பவேண்டியிருந்தது.

நாலரைக்கு எண்ணினேன். ஏழு.
மறுபடி எண்ணினாலும் ஏழு.

கடைசிக் கட்டையும் தாண்டி
பின்தெருக் கதவுக்கு வெளியே
வீட்டுச் சுவரில் சாய்த்த தகரக் கொட்டகை.
காவலிருக்கும் சாத்தையா குடும்பம் அங்கே.
காலையில் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு
டம்ளரோடு அதையும் வைத்துவிட்டேன் போல.
"கீழ கெடந்தா எலி இழுத்துரும்" என்று
அவர் மகள் தர்ஷிகா ஆணியில் மாட்டியிருந்தாள்.

நாற்பத்து மூன்று புள்ளி ஆறு.

எட்டிப் பார்த்துச் சொன்னாள்:
"இன்னைக்குக் கொஞ்சம் பரவால்லக்கா."

அவள் சாய்ந்து நின்ற சுவர் இரண்டரை அடி கனம்.
காலையில் நான்தான் அளந்தேன்.
அந்தப் பக்கம் முப்பத்தொன்று.
"உள்ள படுக்கக் கூடாதா?"
"சாவியெல்லாம் எங்ககிட்டதான் இருக்கு" என்றாள்,
பதில் அதிலேயே இருப்பதுபோல.

சார் கூப்பிடும் சத்தம்
ஐந்து வாசல் தாண்டி நேராக வந்தது.
கருவியை எடுத்தேன்.
பிறகு ஆணியிலேயே மாட்டினேன்.
என் நம்பரை
அவள் கணக்கு நோட்டின் பின்னட்டையில் எழுதினேன்.

"தொலைஞ்சிடுச்சு சார்."
நாலாயிரத்தை இரண்டு தவணையாகக் கட்டினேன்,
ஒரு தவணைக்கு ரிஸ்வான் பாதி.

அறிக்கையில் ஏழு கோடுகள்,
எல்லாம் முப்பத்தைந்துக்குக் கீழே
அலை அடங்கிய ஊருணி போல.
வரைபடத்தின் மேல்பாதி வெறும் வெள்ளை.
"அம்பது வரைக்கும் எதுக்கு ஸ்கேல்?" என்றார் சார்.
"இடம் விட்டிருக்கேன் சார்."
அரை மார்க் குறைத்தார்.

நேற்று வைகாசி பிறந்தது.
கொட்டகை பத்துக்குப் பன்னிரண்டு.
தகரத்தின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு பூச்சு,
அதற்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கீற்று:
சுடர்க்கொடி செலவுக் கணக்கை
மூன்றாம் முறையாகத் திருத்திக்கொண்டிருக்கிறாள்.
கீற்றுக்கு யார் பேரம் பேசுவது என்பதில்
சண்டை வேறு.

இரண்டு நாற்பதுக்கு போன் அதிர்ந்தது.
'அக்கா 45.2
மழ வர மாறி இருந்துச்சு
வரல
கரண்ட்டும் இல்ல'

பென்சிலைச் சீவினேன்.